எங்கள் பசிலிக்காவின் பின்சுவர்

புதுக்கோயிலை ஆயர் அர்ச்சித்துத் திறந்துவைத்த அன்று மலையில் மூடுபனி இல்லை. வெயில் நேராக அடித்தது. கூரையின் கான்கிரீட் இதழ்களுக்கு நடுவே பதித்திருந்த வண்ணக் கண்ணாடி வழியாக நீலமும் சிவப்புமாக வெளிச்சம் இறங்கி ஜனங்களின் தலைமேல் விழுந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கையில் ஒரு சிவப்புத் துண்டு நகர்ந்துகொண்டே இருந்தது. பலருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்தக் கட்டடத்துக்காக நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் காத்திருந்தோம்.

ஆயர் பேச எழுந்தார். அவர் வாய் அசைந்தது. எனக்கு வந்து சேர்ந்தது, குடத்துக்குள் யாரோ முனகுவது போன்ற ஓர் இரைச்சல். காது மெஷினைக் கொஞ்சம் கூட்டினேன். இரைச்சலும் கூடியது. குறைத்தேன். ஒன்றுமே இல்லாமல் போனது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரின் முழங்கையைத் தட்டி, "என்னங்க சொல்றாரு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசறாரு. அப்பறமாச் சொல்றேன் இரு" என்றார்.

அப்புறம் அவர் சொல்லவில்லை. விருந்தில் பிரியாணி பரிமாறும்போது மறுபடி கேட்டேன். "அன்பப் பத்தித்தான். வேற என்னத்தப் பேசுவாங்க?" என்று சொல்லிவிட்டுத் தயிர்ப்பச்சடியை என் இலைப்பக்கம் நகர்த்தினார்.

எனக்கு முப்பது வயது தாண்டியபோது வந்த ஒரு காய்ச்சலோடு வலது காது போயிற்று. இடது காது பாதி. மெஷின் வைத்தால் எதிரில் நின்று பேசுகிறவர் சொல்வது கேட்கும். மலைமேல் ஒண்டிக்கடை என்கிற முக்கில் எனக்குத் தையல் கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் முக்கால்வாசி. அளவெடுக்கும்போது பிள்ளைகள் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசும், அதனால் தொழிலுக்கு ஒரு குறையும் வரவில்லை. என் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகையும் காப்பி மூட்டையும் எழுதுகிற வேலை.

பழைய கோயிலில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. மூன்றாவது பெஞ்சு, மரத்தூணுக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தால் வாசகம், பிரசங்கம், யாருக்கு எப்போது கல்யாணம் என்ற அறிவிப்பு எல்லாம் வார்த்தை வார்த்தையாக விழும். வெள்ளைக்காரத் துரைகள் மலையில் காப்பி போட்ட காலத்தில், எஸ்டேட் கூலிக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் கட்டியது அது. நீளமாக, குறுகலாக, கல்லும் சுண்ணாம்பும் வைத்த சுவர். மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே பலகை. பலகையைக் கரையான் தின்றது. ஒரு பெருமழையில் பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அதற்குப் பிறகு உள்ளே பூசை வைக்கக்கூடாது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் தகரக் கொட்டகைக்கு மாறினோம். மழை பெய்தால் கொட்டகையில் யாருக்குமே கேட்காது. அந்த விஷயத்தில் அங்கே நான் எல்லோருக்கும் சமமாக இருந்தேன்.

அப்போது இருந்த பங்குச் சாமியாருக்குப் பெரிய ஆசை. "மலையில கட்டறோம், மலைக்கு ஏத்த மாதிரி கட்டணும். இன்னைக்கு இல்லைன்னாலும் என்னைக்காவது ஒரு நாள் ரோமாபுரி இதை பசிலிக்கான்னு கூப்பிடணும்" என்பார். அந்தப் பட்டத்தைப் போப்பாண்டவர்தான் கொடுக்க வேண்டும், லேசில் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனால் வார்த்தை ஊரில் ஒட்டிக்கொண்டது. அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டும்போதே ஜீப் டிரைவர்கள் சுற்றுலா வந்தவர்களிடம் "அதாங்க புது பசிலிக்கா" என்று கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று வரை அந்தப் பட்டம் வரவில்லை. பேர் மட்டும் இருக்கிறது.

படம் வரைந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் ஆர்க்கிடெக்ட். நாற்பது வயது இருக்கும். எப்போதும் பேண்ட்டும் முழங்கால் வரை சேறு பிடித்த பூட்ஸும். பழைய கோயில் ரயில் பெட்டி மாதிரி இருந்தது என்றால் இவர் வரைந்தது முழு வட்டம். முந்தி சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைத்தார், இப்போது ஜனங்களைப் பார்த்து வைக்கிறார், அதனால் ஜனங்கள் பீடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் உட்கார வேண்டும் என்று அவர் கொட்டகையில் நின்று எங்களுக்கு விளக்கினார். நடுவில் தூணே கிடையாது. வட்டச் சுவரின் விளிம்பிலிருந்து ஏழு கான்கிரீட் இதழ்கள் எழும்பி, உச்சியில் ஒன்றோடொன்று சாய்ந்து, ஒரு வளையத்தில் முடியும். வளையத்துக்கு மேல் கண்ணாடி. கீழே இருந்து பார்த்தால் கைகூப்பின மாதிரி இருக்கிறது என்று எங்கள் தெருப் பெண்கள் சொன்னார்கள். எனக்கு அரை விரிந்த தாமரை மொட்டு மாதிரி தெரிந்தது.

அந்த இதழ்களுக்குக் கான்கிரீட் போட்ட நாட்களை மறக்க முடியாது. ஓர் இதழை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. காலையில் வெள்ளையாக மூடுபனி இறங்கி, மேலே நிற்கும் ஆள் கீழே இருப்பவனுக்குத் தெரியாது. வரிசையாக நின்று சட்டி கைமாற்றினோம். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாரத்தின் மேலேயே ரெயின்கோட்டோடு நின்றார். ஒரு பலகை சரிந்து அவர் இடது கைப் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை இறங்கவில்லை. மலையில் இருக்கிற விவசாயிகள், எங்கள் கோயிலுக்குச் சம்பந்தமில்லாதவர்கள்கூட, அவரவர் வண்டியில் மணலை ஏற்றிக் கொடுத்தார்கள். இப்படிக் கட்டிய கட்டடத்தில் ஒரு குறை இருக்கிறது என்று யார் வாய் திறப்பார்கள்?

நான் திறந்தேன். அர்ச்சிப்பு முடிந்து நாலைந்து ஞாயிறு பார்த்தேன். இடத்தை மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். முன்னால், நடுவில், ஓரத்தில். எங்கே உட்கார்ந்தாலும் அதே குடத்து முனகல்தான். பசிலிக்கா ஆசை வைத்திருந்த சாமியார் மாற்றலாகிப் போய், அவர் இடத்துக்கு இளவயதுச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். பூசை முடிந்ததும் அவரிடம் போனேன்.

"ஃபாதர், எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க."

அவர் என் காதைப் பார்த்தார். பரிவோடுதான் பார்த்தார். "ஸ்பீக்கர் பத்தலைபோல இருக்குங்கம்மா. இன்னும் ரெண்டு மூணு போட்டுப் பாப்போம்" என்றார்.

போட்டார்கள். நாலு கறுப்புப் பெட்டிகள் சுவரில் ஏறின. அடுத்த ஞாயிறு முனகல் முழக்கமாக மாறியது. ஒரு வார்த்தை முடிவதற்குள் அதே வார்த்தை பின்னாலிருந்து திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் ஏறிக்கொண்டது. மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பூசை முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதம் பேரவைக் கூட்டத்துக்கு நானே போனேன். எழுந்து நின்று சொன்னேன். செயலாளர்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்கம்மா, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுங்க. அதுக்காக உங்க ஒருத்தர் காதுக்குன்னு கோயிலையே மாத்திக் கட்ட முடியுங்களா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் நன்றாக உறைத்தது. முகம் சூடாகி, முந்தானையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த ஒரு வழி வைத்திருந்தார். டிவியில் ஞாயிறு பூசை வருகிறது, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் மாதம் ஒரு தடவை பஸ் ஏறிச் சேலத்துக்கே போய் வரலாம்.

"நான் சட்டி தூக்குன கோயில் இங்க இருக்குது. நான் எதுக்குங்க சேலத்துக்குப் போவணும்?" என்றேன்.

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

அது எனக்கே அப்போது தெரியவில்லை. ஆனால் விடப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மறு ஞாயிறு ஒரு காரியம் செய்தேன். பூசை முடிந்து வெளியே வந்த பெண்களிடம், "இன்னைக்கு ரெண்டாவது வாசகம் எதைப் பத்தி?" என்று சாதாரணமாகக் கேட்டேன். எனக்குக் கேட்காததால் கேட்கிறேன் என்று நினைத்து, முதலில் ஒருத்தி சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். "பவுல்... பவுல் எழுதுன நிருபமுங்க" என்றாள். எந்த நிருபம்? தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் தெரியவில்லை. நர்சரியில் செடி வளர்க்கிற ஒரு பெண் என்னைத் தனியாகச் சுவரோரம் கூட்டிப் போனாள். "அக்கா, எனக்கும் நொம்ப நாளா ஒண்ணுமே வெளங்கலீங்க. இத்தன பேரு பாடுபட்டுக் கட்டியிருக்கறாங்க, எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன். கேக்கற மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரரை நேராகப் பார்த்துக் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. அர்ச்சிப்பு அன்னைக்கு ஆயர் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அங்கங்க கேட்டுச்சு" என்றார். பிறகு, "அங்கங்கன்னா... ஆமென் கேட்டுச்சு" என்றார். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. என் காதின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஊர் முழுக்க நிம்மதியாக இருந்திருக்கிறது.

சாமியாரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை குறை சொல்லவில்லை. ஓர் உதவி கேட்டேன். "ஒரே ஒரு ஞாயிறு நீங்க வந்து ஜனங்களோட உக்காருங்க ஃபாதர். பூசைக்கு வேற யாரையாவது கூப்பிடுங்க." பீடத்தில் நிற்கிறவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்கும். மைக்கைத் தட்டிப் பார்த்தால் மைக் வேலை செய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அவர் யோசித்தார். இரண்டு வாரத்தில் மறைபரப்பு ஞாயிறு வருகிறது, வெளியிலிருந்து ஒரு சாமியார் பூசைக்கு வருவார், அன்று உட்காருகிறேன் என்றார்.

சொன்னபடி உட்கார்ந்தார். வெள்ளை அங்கியோடு எனக்குப் பக்கத்தில். வந்திருந்த சாமியார் நல்ல பேச்சாளர், கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நான் பீடத்தைப் பார்க்கவில்லை. எங்கள் சாமியாரின் முகத்தையே பார்த்தேன். முதலில் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். பிறகு கண்ணைச் சுருக்கினார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என்னுடைய கை. வருஷக்கணக்கில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே வந்ததும், "மன்னிச்சுக்கங்கம்மா. ஒரு வாக்கியம்கூட முழுசா வரலீங்க" என்றார். மறுநாளே ஆர்க்கிடெக்டுக்குப் போன் செய்தார்.

அவர் வந்த அன்று சாரல். கோயில் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். சத்தம் மேலே போய், சுற்றி வந்து, சுவரோடு ஓடி, அடங்குவதற்கு நேரமெடுத்தது. எனக்கே கேட்டது. பிறகு ஒரு பலூனை ஊதி ஊசியால் குத்தினார். அது இன்னும் மோசம். அவர் முகம் வாடிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் எப்படி வரும்னு மாசக்கணக்கா வரைஞ்சு பார்த்தேன்க்கா. சத்தத்தைப் பத்தி இவ்வளவு யோசிக்கல" என்றார். எனக்குப் புரியும்படி எதிரில் வந்து நின்று விளக்கினார். பழைய கோயிலில் பலகை, மரத்தூண், ஓட்டு இடுக்கு, திறந்த ஜன்னல் எல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும். இங்கே கான்கிரீட், வழவழப்பான கருங்கல் தரை, கண்ணாடி. குடிக்க ஒன்றுமில்லை. அதிலும் பீடத்துக்கு எதிரே இருக்கிற வளைந்த பின்சுவர் சத்தத்தைச் சேர்த்துப் பிடித்து ஜனங்கள் மேலேயே திருப்பி எறிகிறது.

"கூரையத் தொட வேண்டாம். பின்சுவர் முழுக்க ஏதாவது மெத்துன்னு வைக்கணும். தடிமனா" என்றார்.

அதற்கு மறுபடி பேரவையைக் கூட்டினார்கள். செயலாளர் எழுந்தார். "வெளியூர்லருந்து இத்தன பேரு வந்து போட்டோ எடுக்கற கோயிலுங்க. பின்சுவர்ல சாக்க மாட்டறதுங்களா? பசிலிக்கான்னு பேரு வாங்க வேண்டிய எடம்."

அதற்கு முந்தின திருநாளில்தான் சாமியார் பிரசங்கத்தில் பசிலிக்காவின் கதையைச் சொல்லியிருந்தார். கேட்காது என்று தெரிந்து, அதைப் பேப்பரில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். நான் அதைக் கவனமாகப் படித்திருந்தேன். எழுந்தேன்.

"ஃபாதர்தான் எழுதியிருந்தாருங்க. ஆதியில ரோமாபுரியில பசிலிக்காங்கறது சாமி கும்பிடற எடமே இல்லியாமுங்க. ஊர் கூடற மண்டபமாம். அங்கதான் வழக்குப் பேசுவாங்களாம், சனங்க கேப்பாங்களாம். பின்னாடிதான் கிறிஸ்தவங்க அந்த மாதிரி மண்டபத்தக் கோயிலா கட்டுனாங்களாம். ஏன்னா எல்லாரும் ஒண்ணாக் கூடி வேதத்தக் கேக்கணும். பேசறது கேக்காத மண்டபத்துக்கு பசிலிக்கான்னு பேரு வாங்கி என்னங்க பண்றது?"

நர்சரிப் பெண் பின்னாலிருந்து, "எனக்கும் கேக்கறதில்லீங்க" என்றாள். இன்னொருவர், "எனக்குந்தான்" என்றார். அப்புறம் வரிசையாகக் கைகள் எழுந்தன. செயலாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஜெயித்த சந்தோஷம் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை.

மெத்தைக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. ஆர்க்கிடெக்ட் கல்லை உருக்கி நூலாக இழுத்த, தீப்பிடிக்காத கல்பஞ்சு என்று ஒன்றைச் சொன்னார். அதை வெளியூரிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டும். சேலத்தில் தேங்காய் நார் தாராளமாகக் கிடைக்கும், எஸ்டேட்டில் பழைய காப்பிச் சாக்கு இருக்கிறது, அதுவே போதும் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். என் வீட்டுக்காரர் மேனேஜரிடம் பேசிச் சாக்குகளை ஜீப்பில் ஏற்றி வந்தார். வீடு முழுக்கக் காப்பி வாசம். நர்சரிப் பெண்ணும் இன்னும் இருவரும் சாயங்காலங்களில் வந்து நாரை அடைத்தார்கள். நான் தைத்தேன். சாக்கைத் தைக்க என் தையல் மெஷின் ஊசி தாங்கவில்லை, தடித்த ஊசி வாங்கிப் போட்டேன். மேலே சாம்பல் நிறக் காடாத்துணி. மே மாதத்தில் மலைச்சாமி சேர்வராயன் கோயிலில் நடக்கிற திருவிழாவுக்கு முன்னால் எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து அறைந்து முடித்துவிட்டோம்.

நல்ல வித்தியாசம் தெரிந்தது. முழுசாக இல்லை, ஆனால் வாக்கியங்கள் வாக்கியங்களாக வந்தன. ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு மழை பிடித்தது. எங்கள் மலையில் மழைக்காலம் என்றால் பெட்டியில் வைத்த செருப்பே பச்சையாகிவிடும். ஒரு ஞாயிறு கோயிலுக்குள் நுழைந்ததும் வாடை அடித்தது. ஈரக் கோணியும் நனைந்த நாயும் சேர்ந்த வாடை. பின்சுவரில் துணிமேல் கறுப்புப் புள்ளிகள். அடுத்த வாரம் புள்ளிகள் தட்டுகளாகின. பின் பெஞ்சுகளில் யாரும் உட்காரவில்லை. ஒரு குழந்தை தும்மித் தும்மி அழுதது. நாங்களே ஏணி வைத்து எல்லாவற்றையும் கழற்றி, வெளியே கொண்டு போய்க் குவித்தோம். நாரெல்லாம் கஞ்சியாகியிருந்தது. நான் தைத்த ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

"போதும் புள்ள. செஞ்சு பாத்தாச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"செஞ்சு பாத்தோம். தப்பான பொருள வெச்சுச் செஞ்சோம். அவ்வளவுதான்" என்றேன்.

காலையில் கடையைத் திறக்கும் முன்பு செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்க வந்திருக்கிறேன் என்று யூகித்திருப்பார். "நான் சண்டைக்கு வரலீங்கண்ணா" என்றேன். "அந்தக் கட்டடத்த உங்களவிட ஆரு பாத்திருக்கறாங்க? எங்க ஈரம் வருது, எங்க வரலைன்னு உங்களுக்குத்தான தெரியும். ஆர்க்கிடெக்ட் மேடம் மறுபடி வராங்க. நீங்க கூட இருங்க."

அவர் பெருவிரலில் கோணலாக வளர்ந்திருந்த நகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்தச் சுவரு மேக்கால வேர்க்குமுங்க" என்றார் கடைசியில். "சாக்க ஒட்டி அறைஞ்சப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லலீங்க."

"இப்பச் சொல்லுங்கண்ணா."

வந்தார். ஆர்க்கிடெக்டோடு சுவரைச் சுற்றி நடந்து, எந்தெந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். ஆர்க்கிடெக்ட் ஒவ்வொன்றையும் அளந்து படத்தில் குறித்துக்கொண்டார். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி, கீழேயும் மேலேயும் காற்று போக வழி. உள்ளே நாருக்குப் பதில் கல்பஞ்சு. அதன் மேல் துணி. துணிக்கு மேல், காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரச் சட்டங்கள், விரற்கடை இடைவெளி விட்டு நெருக்கமாக. பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்த தச்சர் ஒருவர் சட்டங்களை இழைத்துக் கொடுத்தார். அவர் காலையில் சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு வந்து எங்கள் கோயிலில் உளியை எடுப்பார். எங்கள் மலை மரமே எங்கள் சுவருக்கு வந்ததில் ஆர்க்கிடெக்டுக்கு ரொம்பத் திருப்தி.

கல்பஞ்சைத் தொட்டால் கை அரிக்கும். கையுறை, மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, மறுபடி முதல் பையிலிருந்து தைத்தேன். பகலில் யூனிஃபார்ம், சாயங்காலம் கோயில் பை. காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வேறு. ஒரு பள்ளிக்கூடத்தில் தாமதத்துக்குச் சத்தம் போட்டார்கள். கேட்டுக்கொண்டேன். செயலாளர் தினமும் வந்து சாரத்தில் ஏறி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பார். ஒரு சட்டம் சுவரில் பட்டுவிட்டால் தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்வார்.

"அண்ணா, அது ஒண்ணுதான, விடுங்க" என்றேன் ஒரு நாள்.

"ஒண்ணுல ஆரம்பிக்குமுங்க ஈரம்" என்றார். எனக்கு மேல் பிடிவாதக்காரராகிவிட்டார்.

முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. நான் வழக்கமான பயத்தோடு மெஷினைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். முதல் வாசகத்தில் பாதி வந்தது. பிரசங்கத்தில் முக்கால்வாசி. சாமியாரும் அன்று ஒவ்வொரு வார்த்தையையும் விட்டு விட்டு, எங்களைப் பார்த்தபடி பேசினார். அந்தப் பழக்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு வந்தது. முழு வாக்கியமாக, ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் என் காதுக்கு வந்தது பூசை முடிவில் வந்த அறிவிப்புதான். கர்நாடகா நம்பர் போட்ட வெள்ளைக் கார் கேட்டை மறித்து நிற்கிறது, உரியவர் உடனே எடுக்க வேண்டும். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சா?" என்றார். "வெள்ளைக் காருங்க" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது.

எல்லாமே கேட்கிறது என்று சொன்னால் பொய். மழை கண்ணாடியில் அடிக்கும்போது கேட்காது. பாடகர் குழு பாடும்போது பாட்டு தெரியும், சொல் தெரியாது. ஆர்க்கிடெக்ட் மேல் வளையத்தைச் சுற்றியும் ஏதாவது செய்யலாம் என்கிறார். அது பெரிய வேலை. பேரவையில் அதைப் பற்றி இதுவரை மூன்று தடவை பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன்.

மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, டார்ச்சோடு கோயிலுக்குப் போகிறேன். பெரும்பாலும் செயலாளர் எனக்கு முன்பே வந்திருப்பார். மேற்குப் பக்கம் அவர், கிழக்குப் பக்கம் நான். சட்டங்களுக்குக் கீழே கையை நுழைத்து, பின்னால் சுவரைத் தொட்டுப் பார்ப்போம். போன வாரம் அவர் பக்கம் ஓரிடத்தில் லேசாக ஈரம். மேலே கண்ணாடி விளிம்பில் எங்கோ கசிகிறது. சாமியாரிடம் சொல்லிவிட்டோம். திங்கட்கிழமை ஏணியோடு ஆள் வருகிறான். நானும் போகிறேன்.